வலைத்தளத்தில் வடிவும் எழுத்தும்: இருவகைக் கருவிகளின் வரலாறு

கவிதை அரங்கேறுவதற்கு ஓரிடம் வேண்டும். அரங்கேறிய கவிதை தங்குவதற்கும் ஓரிடம் வேண்டும். இலக்கிய வட்டங்கள் முதலாவதை மாதந்தோறும் எவ்வாறேனும் தேடிக்கொள்கின்றன. இரண்டாவதற்கு ஆண்டு மலரையும் தொகைநூலையுமே நெடுங்காலம் நம்பியிருந்தன. இன்று வலைத்தளமும் அவ்வகையில் ஓரிடமாக வந்து சேர்ந்துள்ளது. அச்சிட்ட மலர் ஐந்நூறு படிகளோடு நின்றுவிட, தளத்தில் ஏற்றிய கவிதை எந்நாட்டிலிருந்தும் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் மலர் அலமாரியில் கிடக்கும். தளம் கிடக்குமா என்பதே கேள்வி.

தளம் அமைக்கப் புகுவோர்முன் இன்று இருவழிகள் உள்ளன. ஒன்று, காட்சிவழிக் கட்டுகருவி. எழுத்தையும் படத்தையும் சுட்டியால் இழுத்து, வேண்டிய இடத்தில் வைத்துப் பக்கத்தைக் கட்டும் முறை இது. கட்டுபவர் திரையில் காண்பதையே படிப்பவரும் காண்பார். விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், வீப்லி போன்றவை இவ்வகையின. மற்றொன்று, உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. இதில் கவிதையின் தலைப்பு, பாடம், எழுதியவர் பெயர், நாள் ஆகியன ஒரு தரவுத்தளத்தில் தனித்தனியே வைக்கப்படும். பக்கத்தின் தோற்றத்தை வார்ப்புரு எனப்படும் வேறொரு பகுதி வகுக்கும். படிப்பவர் கேட்கும் வேளையில் இரண்டும் கூடிப் பக்கமாகும். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை.

இவ்விரண்டனுள் எது எளிது, எது மலிவு என்றே பலரும் வினவுகின்றனர். இவற்றின் வரலாற்றைத் தொடக்கம் முதல் நோக்குவார்க்கு வேறொரு வினாவே தலையாயதாகத் தோன்றும். உள்ளே வைத்த எழுத்தை, வேண்டும்போது வெளியே எடுக்க இயலுமா என்பதே அது.

எழுதவும் படிக்கவும் ஒரு கருவி

டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் உலகளாவிய வலையைப் பற்றிய முன்மொழிவை அளித்தார். 1990-ஆம் ஆண்டின் இறுதியில் நெக்ஸ்ட் கணிப்பொறியில் அதனை இயக்கியும் காட்டினார். அவர் எழுதிய முதல் உலாவி படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் உரிய கருவியாக இருந்தது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. படித்துக்கொண்டிருக்கும் சாளரத்திலேயே புதிய பக்கத்தை எழுதலாம், இணைப்புக் கொடுக்கலாம். 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த மொசைக் உலாவிதான் வலையை மக்களிடையே பரப்பியது. அது படிப்பதற்கு மட்டுமே உதவிற்று. எழுத விரும்பியவர் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியைக் கற்க வேண்டியதாயிற்று. வலையில் எழுத்தாளர் வேறு, வாசகர் வேறு என்னும் பிரிவு இவ்வாறு நேர்ந்தது. அதன்பின் வந்த கட்டுகருவிகள் யாவும் இப்பிரிவைச் சரிசெய்யும் முயற்சிகளே எனலாம்.

அக்குறிமொழி தொடக்கத்தில் தோற்றத்தைப் பற்றி மிகுதியாகப் பேசவில்லை. 'இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல்' என்று ஒவ்வொரு பகுதியின் பணியை மட்டுமே அது சொல்லிற்று. ஆனால் எழுதியவர்களுக்கு அழகு வேண்டியிருந்தது. எண்களுக்கென ஏற்பட்ட அட்டவணையைக் கோடின்றி அமைத்து, அதன் கட்டங்களுக்குள் பத்திகளையும் படங்களையும் அடைத்தனர். இடைவெளி வேண்டிய இடத்தில், கண்ணுக்குப் புலனாகாத சிறுபடங்களைச் செருகினர். பொருளைச் சொல்ல வந்த குறிகள் ஒப்பனைக்குப் பயன்பட்டன. செர்னில் பணியாற்றிய ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் இதற்கொரு மாற்றை முன்மொழிந்தார். எழுத்து ஒரு கோப்பிலும், அதன் நிறம், அளவு, இடம் ஆகியன வேறொரு கோப்பிலும் இருக்கட்டும் என்பதே அவர் கருத்து. சி.எஸ்.எஸ். எனப்படும் அம்முறை 1996 டிசம்பரில் வலைக்கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. உலாவிகள் அதனை ஒழுங்காகப் பின்பற்றுவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன.

ஏதென்சில் ஒரு தமிழ் நூலகம்

குறிமொழி அறியாதவர்க்கும் வலையில் இடம் கொடுத்த முதற்பெரும் குடியிருப்பு ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் 1994-இல் கலிபோர்னியாவில் இதனைத் தொடங்கினர். பக்கங்களைப் பொருள்வாரியாகப் பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர் சூட்டினர். திரைத்துறைக்கு ஹாலிவுட், கல்விக்கும் இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் ஏதென்ஸ். குடியேறியவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கதவெண் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் அமைத்த தமிழ் மின்நூலகம் அந்த ஏதென்சில் 5180 என்னும் கதவெண்ணில் இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இணையத்தில் தமிழ் தேடியவர் பலருக்கு அது நன்கறிந்த முகவரி.

யாஹூ நிறுவனம் 1999-இல் ஜியோசிட்டீஸை ஏறத்தாழ 350 கோடி டாலருக்கு வாங்கியது. பத்தாண்டு கழித்து, 2009 அக்டோபர் 26 அன்று அதனை மூடிவிட்டது. (ஜப்பானியக் கிளை மட்டும் 2019 வரை நீடித்தது.) முன்னறிவிப்பு இருந்தது என்பது உண்மையே. ஆயினும் உரியவர் மறைந்துவிட்ட பக்கங்களும், மின்னஞ்சல் மாறிவிட்டவர்தம் பக்கங்களும் அறிவிப்பைப் படிக்கவா போகின்றன? இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனமும் தன்னார்வலர் சிலரும் விரைந்து படியெடுத்தமையால் ஒரு பகுதி பிழைத்தது. தமிழ் மின்நூலகம் தனக்கெனத் தனி முகவரி தேடிக்கொண்டமையால் தப்பியது. வாடகை வீட்டில் சுவருக்கு ஓவியம் தீட்டுவதில் தவறில்லை. ஆனால் பாடலைச் சுவரில் மட்டுமே எழுதிவைத்தவர்கள் வீட்டோடு பாடலையும் இழந்தனர்.

அதே காலத்தில், சொந்தக் கணிப்பொறியில் வைத்துப் பக்கம் கட்டும் மென்பொருள்களும் தோன்றின. வெர்மீர் டெக்னாலஜீஸ் உருவாக்கிய ஃபிரண்ட்பேஜ் 1995-இல் வெளிவந்தது. அந்நிறுவனத்தை 1996 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. மேக்ரோமீடியாவின் ட்ரீம்வீவர் 1997-இல் வந்தது. ஃபிரண்ட்பேஜில் கடிதம் தட்டச்சிடுவது போலவே பக்கத்தை அமைக்கலாம். ஆனால் அதன் சில வசதிகள் இயங்க, வழங்கியிலும் அந்நிறுவனத்தின் துணைமென்பொருள் இருந்தாக வேண்டும். 2006-இல் ஃபிரண்ட்பேஜ் கைவிடப்பட்டது. அதனை நம்பியிருந்த படிவங்களும் தேடுபெட்டிகளும் நாளடைவில் செயலற்றன.

தமிழ் எழுத்துக்கு நேர்ந்த இடர்

தோற்றத்தைச் சேமிப்பதற்கும் எழுத்தைச் சேமிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் அளவுக்குப் பட்டறிந்தவர் சிலரே. தொண்ணூறுகளின் தமிழ்ப் பக்கங்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. கணிப்பொறியின் நினைவில் இருந்தது தமிழெழுத்து அன்று. ஏதோ ஓர் ஆங்கில எழுத்துக்கோ குறிக்கோ உரிய எண். அவ்வெண்ணுக்குத் தமிழ் வரிவடிவத்தை அணிவித்தது எழுத்துரு. எழுத்துரு இருந்தால் பாடல். இல்லையேல் பொருளற்ற குறிகளின் குவியல். பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தனுப்பும் முறை பின்னர் வந்தது. அதுவும் உலாவிக்கு உலாவி மாறுபட்டது.

'கொ' என்னும் உயிர்மெய்யை நோக்குக. கண்ணுக்கு முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், இறுதியில் கால். பழைய எழுத்துரு முறைகளில் இம்மூன்றும் காணும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. எனவே ககரத்தில் தொடங்கும் சொற்களை அகரவரிசைப்படுத்த முயன்றால் 'கொடி'யும் 'கோடை'யும் கொம்புக்குப் பின்னே போய் நின்றன. ஒருங்குறியிலோ முதலில் மெய்க்குரிய ககரமும் அடுத்து ஒகரக் குறியும் ஒலிக்கும் முறையில் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே வரைவது எழுத்துருவின் வேலை. எழுத்து என்பது ஒலியா, வரியா என்று இலக்கணிகள் ஆராய்ந்த வினாவைக் கணிப்பொறியும் ஒருவகையில் எழுப்பிற்று எனலாம்.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், அது புழக்கத்திற்கு வரப் பல்லாண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் தஸ்கி எனப்படும் தகுதரமும், 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என்னும் தரங்களும் வழங்கின. அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இக்குழப்பங்கள் அனைத்தையும் கடந்து வந்ததற்குச் சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வப் பணியில் முதலெண் பெற்ற நூல் திருக்குறள். அதன் பாடங்கள் தனி எழுத்துருவிலிருந்து தஸ்கிக்கும், அங்கிருந்து ஒருங்குறிக்கும் பெயர்க்கப்பட்டன. இது கூடிற்று என்றால், பக்கங்களில் ஒப்பனை மிகக் குறைவு என்பதே காரணம். அவை கட்டுகருவியிலும் கட்டப்படவில்லை, தரவுத்தளத்திலும் வைக்கப்படவில்லை. எளிய பாடக்கோப்புகளாகவே இருந்தமையால் ஒரு மாற்றுநிரல் கொண்டு அவற்றை முழுமையாகப் பெயர்க்க முடிந்தது.

அச்செழுத்தின் பெயரில் ஒரு மென்பொருள்

உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் பெரிய செய்தி நிறுவனங்களுக்கே உரியனவாக முதலில் இருந்தன. தனியாட்களுக்கு அவற்றை எட்டச் செய்தது வலைப்பதிவு. பைரா லேப்ஸ் 1999-இல் பிளாகரை வெளியிட்டது; 2003-இல் கூகுள் அதனை வாங்கிற்று. பெல்ஜியத்தில் மாணவராயிருந்த டிரீஸ் பாய்டேர்ட் 2001-இல் ட்ரூபலை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் பென் டிராட், மீனா டிராட் என்னும் அமெரிக்க இணையர் 'மூவபிள் டைப்' என்னும் மென்பொருளைத் தந்தனர். நகரும் அச்செழுத்து என்பது அதன் பொருள். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய நாள்தொட்டு அச்செழுத்தை அறிந்த தமிழர்க்கு இப்பெயரின் சுவை விளங்கும். அச்சுக்கோப்பவர் ஒரே எழுத்துகளைக் கொண்டு வேறுவேறு பக்கங்களை அமைப்பது போல, இம்மென்பொருளும் ஒரே பதிவை முகப்பிலும் மாதத் தொகுப்பிலும் பொருட்பகுப்பிலும் அடுக்கித் தந்தது.

இவ்வரலாற்றில் கருதத்தக்க திருப்பம் 2004 மே மாதத்தில் நிகழ்ந்தது. மூவபிள் டைப்பின் மூன்றாம் பதிப்பு புதிய உரிம விதிகளோடு வந்தது. கட்டணமின்றிப் பயன்படுத்துவோர் எத்தனை பதிவுத்தளங்கள் வைக்கலாம், எத்தனை ஆசிரியர்கள் எழுதலாம் என்பவற்றிற்கு வரம்பு ஏற்பட்டது. பலர் கூடி எழுதும் தளங்களுக்கே இது பேரிடியாயிற்று. இலக்கிய வட்டம் போன்ற அமைப்பு அன்று அதில் இருந்திருப்பின் முதலில் அடிபட்டிருக்கும். பயனர் பலர் வெளியேறத் துணிந்தனர். அவர்கள் வெறுங்கையோடு வெளியேறவில்லை. அம்மென்பொருளிலேயே பதிவுகள் அனைத்தையும் எளிய பாடக்கோப்பாக வெளியேற்றும் வழி இருந்தது. அக்கோப்பை வாங்கித் தன் தரவுத்தளத்தில் இட்டுக்கொள்ள ஒரு புதிய மென்பொருள் ஆயத்தமாக இருந்தது. அதுவே வேர்ட்பிரஸ்.

வேர்ட்பிரஸ் தோன்றிய வரலாறும் இதனோடு ஒத்துச் செல்வது. மிஷேல் வால்டிரிகி என்பவர் எழுதிய பி2 என்னும் பதிவு மென்பொருள் அவர் கவனம் விலகியதால் தேங்கி நின்றது. அப்போது அமெரிக்காவில் கல்லூரி மாணவராயிருந்த மேட் முல்லன்வெக், 2003 ஜனவரியில் இதுபற்றித் தம் பதிவில் கவலை தெரிவித்தார். இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில் அதற்கு மறுமொழி எழுதித் துணைநிற்க முன்வந்தார். பி2 பொதுஉரிமத்தில் வெளியிடப்பட்டிருந்தது. எவரும் அதை எடுத்துத் திருத்தி வளர்க்கலாம். அவ்வுரிமையே அடிப்படையாக, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதற்பதிப்பு வெளியாயிற்று. ஆக்கியவர் விலகிய பின்னும் ஆக்கம் தொடர்ந்தது. 2005-இல் மாம்போ என்னும் அமைப்பில் பிணக்கு எழுந்தபோது அதன் நிரலாளர் பிரிந்து ஜூம்லாவைத் தொடங்கியதும் இவ்வுரிமையாலேயே. 2020களின் தொடக்கத்தில் உலகின் வலைத்தளங்களில் நாற்பது விழுக்காட்டிற்கு மேற்பட்டவை வேர்ட்பிரஸில் இயங்கின என்பது டபிள்யூ3டெக்ஸ் கணக்கு.

இழுத்து வைக்கும் காலம்

காட்சிவழிக் கருவிகளும் ஓய்ந்துவிடவில்லை. ஆண்டனி கசலேனா மேரிலாந்துப் பல்கலைக்கழக விடுதியறையில் ஸ்குவேர்ஸ்பேஸை எழுதத் தொடங்கினார். இஸ்ரேலில் 2006-இல் விக்ஸ் தோன்றியது. விக்ஸின் முதற்கருவி ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் அமைந்தது. அதில் எழுத்தும் படமும் அசைவும் ஒன்றாய் இழைந்து கண்ணைக் கவர்ந்தன. 2007-இல் வந்த ஐபோனில் ஃபிளாஷ் இயங்கவில்லை. 2012-இல் விக்ஸ் எச்.டி.எம்.எல்.5 அடிப்படைக்கு மாறியது. பழைய ஃபிளாஷ் தளங்களை வைத்திருந்தோர் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி முற்றிலும் நிறுத்திக்கொண்டது. அன்றுவரை மாறாமல் நின்ற பக்கங்கள் உலாவிகளில் வெற்றுக் கட்டங்களாயின.

இவற்றைச் சொல்வதால் கட்டுகருவிகளைக் குறைத்து மதிப்பிட்டதாகக் கொள்ளலாகாது. உள்ளடக்க அமைப்பை நடத்துவது எளிதன்று. வழங்கியில் இடம் வாங்க வேண்டும். மென்பொருளையும் அதனோடு சேர்ந்த செருகுநிரல்களையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத செருகுநிரல் வழியே புகுந்து, கவிதைப் பக்கத்தில் மருந்து விளம்பரத்தை ஒட்டிச் செல்வார் உண்டு. வட்டத்தில் கணிப்பொறி அறிந்த இளைஞர் ஒருவரே இருப்பார். அவரும் வேலை கிடைத்து வெளியூர் சென்றபின் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். காட்சிவழிக் கருவியில் காப்பும் புதுப்பிப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. தமிழாசிரியரோ ஓய்வுபெற்ற அலுவலரோ ஒரு மாலைப்பொழுதில் தாமே பக்கத்தைக் கட்டிவிடலாம். ஒரு நூல் வெளியீட்டு விழாவிற்கோ, பத்தாம் ஆண்டு விழா அழைப்பிற்கோ அதுவே தக்க கருவி. விழா முடிந்தபின் அப்பக்கம் மறைந்தாலும் இழப்பில்லை.

கவிஞர்க்கு உரிய வேறொரு வழக்கும் உண்டு. குறிமொழியானது தொடர்ந்து வரும் இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்கிவிடும் இயல்பினது. வெண்பாவின் இரண்டாம் அடியில் தனிச்சொல்லைச் சற்றே தள்ளி நிறுத்துவதும், புதுக்கவிதையின் வரிகளைப் படிப்படியாக இறக்குவதும் அதில் தாமே நிலைப்பதில்லை. காட்சிவழிக் கருவியில் சொற்களை நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்பதால் கவிஞர் பலர் அதனை விரும்புகின்றனர். விருப்பம் நியாயமானதே. ஆனால் மேசைக் கணிப்பொறியின் அகலத்திற்கு நிறுத்திய சொற்கள் கைபேசியின் குறுந்திரையில் இடம்பெயர்ந்து, ஒன்றன்மேலொன்று ஏறுவதும் உண்டு. வேர்ட்பிரஸில் 2018 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு இக்குறையை ஒருவாறு போக்கிற்று. பத்தி, படம், மேற்கோள் எனப் பக்கத்தைத் துண்டுகளாகக் கொண்டு கட்டும் புதிய எழுதுகருவி அதில் அமைந்தது. அத்துண்டுகளுள் பாட்டுக்கென்றே ஒன்று உண்டு. இடைவெளியும் வரிப்பிளவும் தட்டச்சிட்டவாறே அதில் நிற்கும். அவ்வெழுதுகருவிக்கு அவர்கள் இட்ட பெயர் குட்டன்பெர்க். மீண்டும் அச்சுக்கலையின் நினைவு.

இவ்வாறு இருவழிகளும் இன்று ஓரளவு நெருங்கிவிட்டன. வேர்ட்பிரஸுக்குள்ளேயே 2016-இல் வந்த எலிமென்டர் போன்ற இழுத்துவைக்கும் செருகுநிரல்கள் உள்ளன. அத்தகைய செருகுநிரல் சிலவற்றை நீக்கினால் பாடலின் இடையிடையே குறியீட்டுச் சிதறல்கள் எஞ்சுகின்றன. பழைய நோய் புதிய உடலில் புகுந்த கதை. மறுபுறம், ஸ்குவேர்ஸ்பேஸ் தன் பதிவுப் பக்கங்களை வேர்ட்பிரஸ் ஏற்கும் கோப்பாக வெளியேற்றித் தருகிறது. விக்ஸில் கட்டிய தளத்தையோ முழுமையாக எடுத்து வேறொரு வழங்கியில் இயக்க இயலாது. பொதுஉரிமம் பூசலுக்கு அப்பாற்பட்டதன்று என்பதையும் கூற வேண்டும். 2024-இல் முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனத்திற்கும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்திற்கும் எழுந்த பிணக்கு வழக்கு மன்றம் வரை சென்றது.

பத்தாண்டுக் கவிதைகளை எழுதியவர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் தேடிப் படிக்க வைக்க விரும்பும் வட்டத்திற்கு உள்ளடக்க அமைப்பே ஏற்றது. ஆளில்லாக் குறையால் கட்டுகருவியை நாடுவதாயின், முதற் கவிதையை ஏற்றுமுன் வெளியேற்றும் வழியைச் சோதித்துப் பார்த்தல் நன்று. இரண்டு, மூன்று பாடல்களை இட்டு, அவற்றை வெளியே எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து, ஒற்றும் வரியும் குலையாமல் உள்ளனவா எனக் காண அரைமணி நேரம் போதும். கடவுச்சொல்லும் தளமுகவரியின் பதிவுரிமையும் ஒருவர் பெயரில் இராமல் வட்டத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். வேர்ட்பிரஸின் வெளியேற்றக் கோப்பில் பாடல்கள் முழுமையாக அடங்கும். படங்களின் முகவரிகள் மட்டுமே அடங்கும், படங்கள் அடங்கா. கவியரங்கப் புகைப்படங்களைத் தனியே படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.